முழு லாரியும் அரை லாரியும்

வேரியா, ஜூலை 2

அன்புள்ள அக்கா,

நீ போனை எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். பைபிளில் உங்கள் ஊர் தெசலோனிக்கேக்காரர்கள் மனம் இரங்க அப்போஸ்தலரே இரண்டு தடவை கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதனால் இந்த ஒன்றிலேயே நீ உருகிவிடுவாய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இது குடும்ப விஷயம் இல்லை, தொழிற்சாலை விஷயம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை இங்கே பீச் வரத்து தொடங்குகிறது. போன வருடம் வாசலில் நடந்த கூத்து உனக்குத் தெரியாது, நீ தலைமை அலுவலகத்தில் ஏசிக்கு அடியில் இருந்தாய். விவசாயி லாரியோடு வருவார். எடை போடுவோம். ஒரு கூடைப் பழம் எடுத்து அறுத்துப் பார்ப்போம். முதல் தரமா இரண்டாம் தரமா என்பது மட்டும் ஒரு வாரம் கழித்துத் தபாலில் போகும். வாங்கேலிஸ் என்ற பெரியவர் இருக்கிறார், மூன்று கிராமத்து விவசாயிகள் அவர் சொன்னால் கேட்பார்கள். அவர் நேற்று என் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்:

“ஏண்டா மில்தோஸ், பழத்த என் கண்ணு முன்னாடி அறுக்கறீங்க, தரத்த மட்டும் ஒரு வாரம் கழிச்சு சொல்றீங்க. நடுவுல அந்தப் பழம் என்ன பரீட்சையா எழுதுது? இந்த வருஷம் எடைச் சீட்டுலயே தரம் இருக்கணும். இல்லன்னா லாரி ஆத்துக்கு அந்தாண்ட போயிரும், சொல்லிட்டேன்.”

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு டப்பாத் தொழிற்சாலை இருக்கிறது. வாங்கேலிஸ் போனால் மூன்று கிராமமும் போகும். பழம் வராவிட்டால் இங்கே இயந்திரத்தை ஓட்ட வேலை இல்லை. வாசலைப் பார்த்துக்கொள்ளும் நான், தரம் பிரிக்கும் வரிசையில் நிற்கும் உன் தம்பி பெண்டாட்டி ரூலா, எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நல்ல செய்தி, வேலை முடிந்துவிட்டது. சீட்டிலேயே தரம் அச்சாகிறபடி கம்ப்யூட்டர் நிரலை மாற்றி, சோதித்து, பொதியாகக் கட்டி, உன் வாசலில் வரிசையில் நிற்க வைத்தாயிற்று. கெட்ட செய்தி, அதே வரிசையில் கணக்குப் பிரிவின் அரைகுறை வேலையும் நிற்கிறது. அதற்காக, பொதிகளை உள்ளே கொண்டுபோகும் உன் வியாழக்கிழமை கம்ப்யூட்டர் லாரியை ஆகஸ்ட் வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நீ ஒருமுறை உன் திரையைக் காட்டினாய். அதில் இரண்டு லாரிப் படம் இருந்தது. நிறையச் சரக்கு ஏற்றிய லாரியை அழுத்தினால் வரிசையில் நிற்பதெல்லாம் நிஜ அமைப்புக்குள் போகும், பாதிச் சரக்கு ஏற்றிய லாரியை அழுத்தினால் தேர்ந்தெடுத்தது மட்டும் போகும் என்றாய். அந்த அரை லாரியை ஒரே ஒரு தடவை அழுத்து. நிரல் எழுதும் நம் லாசரோஸ் சியாராஸின் பொதியை மட்டும் அனுப்பு. வேறு எதுவும் கேட்கவில்லை.

உன் தம்பி,
மில்தோஸ்


தெசலோனிக்கே, ஜூலை 4

திரு. மில்தோஸ் அவர்களுக்கு,

தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

அரை லாரிப் படம் திரையில் இருப்பது உண்மைதான். ரயிலிலும் அபாயச் சங்கிலி இருக்கிறது, தினமும் யாரும் அதைப் பிடித்துத் தொங்குவதில்லை. பொதிகள் எந்த வரிசையில் கட்டப்பட்டனவோ அந்த வரிசையில்தான் உள்ளே போக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஏற்றுமதிப் பிரிவு என் மேசை முன்னால் வந்து அழுததால் ஒரே ஒரு பொதியை மட்டும் முன்னால் அனுப்பினேன். அதற்கு முன்பே கட்டியிருந்த பழைய பொதி ஒன்று இரண்டு வாரம் கழித்து வந்து அதன் மேல் உட்கார்ந்தது. புது வேலை அழிந்து, பழைய வேலை மறுபடி வந்துவிட்டது. போலந்துக்குப் போன பீச் டப்பாக்கள் முழுக்கத் தக்காளி என்று லேபிள். அந்த ஊர்க் கடைக்காரர் ஒருவர் எனக்கு அனுப்பிய குறிப்பை இன்னும் வைத்திருக்கிறேன். நாகரிகமான குறிப்பு அல்ல.

முன்னால் நிற்பவரைத் தள்ளிவிட்டு வேண்டியவரை உள்ளே விடுவது தங்களுக்குப் புதிதல்ல என்பதை அறிவேன். மகளுக்கு முதலில் தகப்பனைப் பெற்றவள் பெயர், அப்புறம்தான் தாயைப் பெற்றவள் பெயர். இந்த வரிசையை நான் உண்டாக்கவில்லை, ஊர் முழுக்க அப்படித்தான். தங்கள் மகளுக்கு நம் அம்மா தேஸ்பினாவின் பெயர் கிடைக்கவில்லை. மாமியார் முந்திக்கொண்டார்.

இந்தக் கடிதத்தின் நகல் இயக்குநருக்கும் போகிறது. எனவே பதிலில் ‘அக்கா’ என்று எழுத வேண்டாம்.

எவாந்தியா
மாற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவு


வேரியா, ஜூலை 5

மதிப்பிற்குரிய மாற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவே,

இயக்குநருக்கு நகல் போகும் கடிதத்தில் என் மாமியாரை நுழைத்தது நீதான் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். இயக்குநர் என்னைப் போனில் கூப்பிட்டு, “மாமியார் என்பது எந்தப் பொதியப்பா?” என்று கேட்டார்.

அந்த வருடம் ரூலாவின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு வாரம் தாங்காது என்றார் டாக்டர். போகிற உயிர் சந்தோஷமாகப் போகட்டும் என்று பேத்திக்கு அவர் பெயரை வைத்தோம். பெயரைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டார். இப்போது தினமும் மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, உப்பு குறைவு என்று குறையும் சொல்கிறார். இதில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்வதா?

இப்போது லாரிக்கு வருகிறேன். நீ சொல்கிற முழு லாரி நியாயத்தைப் பழ லாரியில் பார். கணக்குப் பிரிவு அழுகின பழத்தை நடுவில் வைத்திருக்கிறது என்பதற்காக நல்ல பழத்தையும் சேர்த்து வெயிலில் காய விடுகிறாய். நாங்கள் இங்கே அழுகினதைத் தள்ளிவிட்டு நல்லதை எடுப்போம். அதற்குத்தான் ரூலாவுக்குச் சம்பளம்.

இயக்குநர் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். இணைத்திருக்கிறேன்.

மில்தோஸ்


தெசலோனிக்கே, ஜூலை 9

திரு. மில்தோஸ் அவர்களுக்கு,

இயக்குநரின் உத்தரவுப்படி, என் எழுத்துபூர்வமான ஆட்சேபத்துடன், அரை லாரி இன்று மதியம் அனுப்பப்பட்டது. தாங்கள் ஜூலை 2 கடிதத்தில் கேட்ட பொதி, அது மட்டும்.

ஒருமுறை உள்ளே போனது திரும்ப வராது. இந்த லாரிக்குப் பின்னால் போகிற கியர் கிடையாது.

எவாந்தியா

பின்குறிப்பு: அவர் சூப் கேட்டது எனக்குத் தெரியாது.


வேரியா, ஜூலை 10

அக்கா,

என்ன அனுப்பினாய்?

இன்று காலை ஆப்ரிகாட் லாரியோடு விவசாயி தோமாஸ் வந்தார். பீச்சுக்கு முன் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன்: “இந்தா பாருங்க மாமா, இனிமே சீட்டுலயே தரம்.” சீட்டு வந்தது. தரத்தைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எழுத்தில், ‘அன்புள்ள தோமாஸ், இன்று உங்கள் பெயர் நாள். நீடூழி வாழ்க!’

புனித தோமாஸின் திருநாள் அக்டோபரில், அந்தப் பெயர் வைத்த இவருடைய பெயர் நாளும் அன்றுதான். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தரம் எங்கடா?”

“வரும் மாமா.”

“பேர் நாளுன்னா நான்ல எல்லாருக்கும் இனிப்பு குடுக்கணும். தரத்தயும் சொல்லாம இனிப்பும் கேக்கறீங்களா?”

அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் அதே வாழ்த்து. அதற்குப் பின்னால் வந்த லாரி ஒரு கூட்டுறவுச் சங்கத்துடையது. ‘அன்புள்ள கூட்டுறவுச் சங்கம், இன்று உங்கள் பெயர் நாள்.’ வாசலில் எல்லோரும் சிரித்தார்கள், நான் மட்டும் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் வாங்கேலிஸ் காதுக்கு விஷயம் போய்விட்டது. “தரம் கேட்டோம், வாழ்த்து குடுத்திருக்கான். கிண்டலா பண்றான்? பீச்சு எடுக்கற திங்கக்கிழமை மொத லாரி என்னுது. சீட்டுல தரம் இல்லன்னா அங்கயே திருப்பிருவேன்னு சொல்லு” என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வேண்டுமென்றே செய்தாயா? உண்மையைச் சொல். அம்மா பெயருக்காக மூன்று கிராமத்துப் பழத்தையும் பழிவாங்குகிறாயா?

மில்தோஸ்


தெசலோனிக்கே, ஜூலை 11

மில்தோஸ்,

நகல் யாருக்கும் போகவில்லை.

நான் வேண்டுமென்று எதையும் செய்வதில்லை. கேட்டதைச் செய்வேன், அதுதான் என் வேலை. நீ கேட்டது லாசரோஸ் சியாராஸின் பொதி. நான் அனுப்பியது லாசரோஸ் சியாராஸின் பொதி. நம் நிறுவனத்தில் இரண்டு லாசரோஸ் சியாராஸ் இருக்கிறார்கள். சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை. இருவருக்கும் ஒரே தாத்தா, இருவருக்கும் அவர் பெயர். வேரியாவில் உன் எடைச் சீட்டை எழுதியவன் ஒருவன். இங்கே எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவன் இன்னொருவன். ஊழியர்களுக்குப் பெயர் நாள் வாழ்த்துச் சொல்லும் வசதியை அவனிடம் கேட்டிருந்தார்கள். தேதியைப் பார்க்கும் பகுதியை அவன் இன்னும் எழுதவில்லை. அதனால் அது எந்தக் காகிதத்தில் எந்தப் பெயரைக் கண்டாலும், எந்த நாளாக இருந்தாலும் வாழ்த்துகிறது.

எந்த லாசரோஸ் என்று நான் ஏன் கேட்கவில்லை என்பாய். உன் கடிதத்தை மறுபடி படித்துப் பார். ‘எங்கள் லாசரோஸ்’ என்று எழுதியிருந்தால் உன் தொழிற்சாலைக்காரன் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். நீ ‘நம் லாசரோஸ்’ என்று எழுதினாய். நம் என்றால் நானும் சேர்ந்தது. நானும் சேர்ந்தது என்றால் என் பக்கத்தில் இருக்கிறவன். என்னையும் சேர்த்து நீ ‘நம்’ என்று எழுதி இரண்டு வருடம் ஆகிறது. அதில் கொஞ்சம் தடுமாறிவிட்டேன். சரிபார்க்கத் தோன்றவில்லை.

இதை வெளியில் சொன்னால் மறுத்துவிடுவேன்.

எவாந்தியா


வேரியா, ஜூலை 12

அக்கா,

என் கடிதத்தையும் உன் கடிதத்தையும் மறுபடி படித்துவிட்டு ஒரு காப்பி குடித்தேன். ஆனால் இருபத்திரண்டாம் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. சரியான லாசரோஸின் பொதியை இப்போது அனுப்பினால் தீர்ந்ததா? ரூலா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வரிசையில் நிற்கும் பெண்கள் எல்லோரும் அவளிடம்தான் கேட்கிறார்களாம்: “வேல இருக்குமா, ஆத்துக்கு அந்தப் பக்கம் போய் மனு போடவா?” இரண்டு பேர் மனு எழுதியே வைத்துவிட்டார்கள்.

மில்தோஸ்


தெசலோனிக்கே, ஜூலை 17

தம்பி,

சரியான பொதியைச் சோதனை அமைப்பில் தனியாகப் போட்டுப் பார்த்தேன். சீட்டே வரவில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பாய், அல்லது அழுவாய். இந்த இரண்டு லாசரோஸும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். உன்னவன் எழுதிய சீட்டின் அச்சு வடிவத்தை இங்கிருப்பவன் சாப்பாட்டு மேசையிலேயே கடன் வாங்கி, அதன் மேல் ஒரு வரி கூட்டித் தன் வாழ்த்தை எழுதியிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதி வைக்கவில்லை. உன்னவன் பொதி பழையது, இவன் பொதி புதியது. புதியது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இப்போது பழையதை அனுப்பினால் அது புதியதின் மேல் உட்கார்ந்து அந்த வரியை அழித்துவிடும். வாழ்த்து தன் வரியைத் தேடும், கிடைக்காது, வாசலையே நிறுத்திவிடும்.

வாழ்த்தைத் தனியாகக் கழற்றினால் என்ன என்பாய். அதைக் கழற்றத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் வெள்ளிக்கிழமையே விடுமுறைக்குத் தீவுக்குப் போய்விட்டான். போனை அணைத்து வைத்திருக்கிறான். அவன் அம்மாவிடம் கேட்டேன். “நீச்சலுக்குப் போயிருக்கான்மா, வந்தா சொல்றேன்” என்று ஐந்து நாளாகச் சொல்கிறார்.

ஒரு வழி இருக்கிறது. கணக்குப் பிரிவைத் தொடாமல், இந்த இரண்டு பொதிகளை மட்டும் அரை லாரியில் ஏற்றி, அவை கட்டப்பட்ட வரிசையிலேயே, முதலில் உன்னவன், பிறகு இவன் என்று அனுப்புவது. சோதனையில் அப்படிப் போட்டேன். வேலை செய்கிறது. தரம் அச்சாகிறது. அதன் கீழே வாழ்த்தும் அச்சாகிறது. ஒன்று இல்லாமல் மற்றது வராது.

இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றாலும் சொல்கிறேன். பொறுக்கி எடுக்கலாம் என்றாய், சரிதான். வரிசை முக்கியம் என்றேன், அதுவும் சரிதான். நாம் இருவரும் பாதி பாதியாகச் சரி என்பதால்தான் முழுக்க மாட்டிக்கொண்டோம்.

வாங்கேலிஸுக்கு வாழ்த்தோடு தரமா, இரண்டும் வேண்டாமா? உன் வாசல், நீ சொல்.

எவாந்தியா


வேரியா, ஜூலை 18

அக்கா,

அனுப்பு.

வாங்கேலிஸ் ஏற்கெனவே நாங்கள் கிண்டல் செய்கிறோம் என்று நினைக்கிறார். அந்த முகத்துக்கு நேராக இன்னொரு வாழ்த்தை நீட்டப் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மில்தோஸ்


வேரியா, ஜூலை 23

அக்கா,

நேற்று எழுதியிருப்பேன், கை முழுக்கப் பாகு.

சொன்னபடி முதல் லாரி வாங்கேலிஸுடையது. அவருக்குப் பின்னால் பாலம் வரைக்கும் லாரிகள். யாரும் இன்ஜினை அணைக்கவில்லை, திருப்புவதற்குத் தயாராக இருந்தார்கள். எடை போட்டோம், கூடைப் பழத்தை அறுத்தோம், சீட்டு வந்தது. ‘இரண்டாம் தரம். அன்புள்ள வாங்கேலிஸ், இன்று உங்கள் பெயர் நாள். நீடூழி வாழ்க!’

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“ரெண்டாந்தரமா?”

“ஆமா மாமா.”

“மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டீங்க.”

“நீங்கதான கேட்டீங்க.”

“கேட்டேன்.” அப்புறம் கீழே படித்தார். “என் பேர் நாள் மார்ச் மாசம்டா.”

“தெரியும் மாமா. கம்ப்யூட்டர் தப்பு. மன்னிச்சிருங்க.”

அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பழத்தை இறக்கிவிட்டு, காலி லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சரி, இந்த ஒரு லோடோடு தலைமுழுகிவிட்டார் என்று நினைத்தேன். பின்னால் நின்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், ஒருவரும் வண்டியை முன்னால் எடுக்கவில்லை. ரூலா வரிசையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். பேசவில்லை, ஆனால் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் லாரி திரும்பி வந்தது. வாங்கேலிஸ் இறங்கினார். கையில் இரண்டு தட்டு ரெவானி இனிப்பு, பாகு சொட்டச் சொட்ட, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியது.

“மார்ச் மாசம் எம்புள்ளைங்ககூட ஒரு போன் பண்ணல. இந்த டப்பாக் கம்பெனி வாழ்த்துது. தேதி தப்பா இருந்தா என்ன, வாழ்த்துன எடத்துல வெறுங்கையோட நிக்க முடியுமா? தின்னுங்கடா.”

அதன் பிறகு நடந்ததை நீ நம்ப மாட்டாய். அவர் இனிப்புக் கொடுத்தபின் மற்றவர்கள் கொடுக்காமல் இருக்க முடியுமா? தோமாஸ் நேராக வீட்டுக்குப் போய் மனைவியை எழுப்பிப் பலகாரம் கேட்டிருக்கிறார். சாயந்தரம் வரை வாசலில் தட்டு வைக்க இடமில்லை, எடை மேடையிலேயே வைத்தோம், அதையும் சேர்த்து எடை போட்டுவிட்டோம் என்று ஒரு சின்னத் தகராறு. ஒரு ஆளுக்குச் சீட்டின் அடியில் காகிதம் கிழிந்து வாழ்த்து வரவில்லை. முதல் தரம் கிடைத்த ஆள், சந்தோஷப்பட வேண்டாமா? “எனக்கு மட்டும் ஏன் வாழ்த்து வரல, நான் என்ன பாவம் செஞ்சேன்?” என்று சண்டைக்கு வந்தார். மறுபடி அச்சடித்துக் கொடுத்தோம்.

ஆற்றைத் தாண்டி ஒரு லாரிகூடப் போகவில்லை, அக்கா. ஒன்றுகூட. ரூலா ராத்திரிச் சாப்பாட்டில் என்னிடம் பேசினாள். பேசியதை அப்படியே எழுதச் சொன்னாள், எழுதுகிறேன்:

“உங்க அக்காவ ஆகஸ்ட் பதினஞ்சு மாதா பண்டிகைக்கு வரச் சொல்லுங்க. எங்கம்மாவும் இருப்பாங்க, அத மறைக்காம எழுதுங்க. தம்பி மட்டும் வேணும், மத்தவங்க வேணாம்னா அது நடக்காது. இந்த வீட்டுல எல்லாரும் ஒண்ணாத்தான் கெடைப்போம்.”

மில்தோஸ்


தெசலோனிக்கே, ஜூலை 25

தம்பி,

தலைமை அலுவலக லாசரோஸ் திரும்பி வந்துவிட்டான், முதுகு முழுக்க வெயிலில் உரிந்து. சாய்ந்து உட்கார முடியாமல் நின்றபடியே தேதிப் பகுதியை எழுதி முடித்தான். கணக்குப் பிரிவும் ஒருவழியாகத் தங்கள் வேலையை முடித்துவிட்டது. அடுத்த வியாழன் முழு லாரி போகும். அதன் பிறகு வாழ்த்து சரியான நாளில் மட்டும் வரும் என்று உன் விவசாயிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, மனம் வருத்தப்படப் போகிறார்கள்.

திங்கட்கிழமை காலை நான் அச்சடித்த ஒரு சீட்டிலும் வந்தது. ‘அன்புள்ள எவாந்தியா.’ என் பெயர் நாள் செப்டம்பரில் என்று இந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் எல்லோரும் என் மேசையைப் பார்த்தார்கள். கீழே போய் இனிப்பு வாங்கி வந்தேன். வாங்கும்போது வாங்கேலிஸ் அங்கே என்ன செய்கிறாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், எது வாங்கினேன் என்றே நினைவில்லை.

ரூலா எழுதச் சொன்னதைப் படித்தேன். ஒருமுறை அல்ல. அவள் சொல்வது சரி. பதினைந்தாம் தேதி வருகிறேன். அவள் அம்மாவிடமும் சொல், உப்பு விஷயத்தில் நானும் அவர் கட்சி, உன் வீட்டில் என்றைக்குமே குறைவுதான்.

உன் மகள் ஒலிம்பியாவுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டு வரலாம் என்று நினைக்கிறேன். அளவு எனக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். நீ தோராயமாக எழுதி அனுப்பாதே, உன் எழுத்தை நம்பி ஒருமுறை பட்டது போதும். குழந்தையைக் காகிதத்தின் மேல் நிற்க வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. ஒரு கால் போதாது, இரண்டு காலையும் வரை.

அக்கா